சோத்துக்கை எந்தக் கை

செய்யாத ஒரு நல்ல காரியத்துக்காகப் பதினோரு நாள் நான் ராஜமரியாதை அனுபவித்தேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கேட்காத மன்னிப்பைக் கேட்டதாகப் பெயர் வாங்கிக்கொண்டு, அந்தப் பெயரின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாளுக்கு ஒரு காபி கூடுதலாகக் குடித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் மன்னிப்புக் கேட்டது ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம். அதை ஜன்னல் கண்ணாடியில் திருப்பி ஒட்டியது மட்டும்தான் என் பங்கு.

மன்னிப்பு எதற்கு என்று சொல்ல வேண்டுமானால் இருபத்தைந்து வருடம் பின்னால் போக வேண்டும்.

என் மனைவி இடது கைக்காரி. எங்கள் பக்கத்தில் வலது கைக்குப் பெயர் சோத்துக்கை. சோறு தின்கிற கை. இடது கைக்கும் ஒரு பெயர் உண்டு. அது எந்த வேலைக்கான கை என்பதை அந்தப் பெயரே உரக்கச் சொல்லிவிடும் என்பதால் இங்கே எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் ஸ்கேலால் நாலு தட்டுத் தட்டி, பேனாவை மட்டும் அவளுடைய வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். கத்தியும் ஊசியும் சோறும் இடது கையிலேயே தங்கிவிட்டன.

எங்கள் கல்யாணத்தன்று, முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தோம். விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத பெண். இலையில் முதலில் விழுந்த ஒப்புட்டை, அதாவது போளியை, இடது கையால் பிய்த்தாள். எதிர்வரிசையில் என் பெரியம்மா. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். ஒரு பீரோ நிறைய முற்போக்குப் புத்தகம் படித்திருந்த நான் அந்த ஒரு பார்வைக்குத் தாங்கவில்லை. புது மனைவியின் காதோரம் குனிந்து, "கண்ணு, சோத்துக்கை" என்றேன். ரகசியமாகத்தான் சொன்னேன். ஆனால் நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்திய நொடி அது. பந்தி முழுக்கக் கேட்டது. நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் கையை மாற்றிக்கொண்டாள்.

அன்று மாற்றியது மாற்றியதுதான். வீட்டில் இடது கை, பந்தியில் வலது கை. கல்யாண விருந்தென்றால் அவளுக்கு உயிர். பொரியலில் தேங்காய் எப்போது விழுந்தது, சாம்பாருக்குப் பருப்பு யார் வேகவைத்தது என்பதையெல்லாம் ஒரு வாயில் சொல்லிவிடுவாள். ஆனால் அந்த ஒரு வாயை வலது கையால் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி இலையிலேயே விழுந்துவிடும். ரசம் வரும்போது "போதுமுங்க" என்று இலையை மூடிவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் நின்றபடியே தயிர்சாதம் பிசைந்து, இடது கையால் நிம்மதியாகச் சாப்பிடுவாள். இருபத்தைந்து வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதல் வருடத்தில் சொல்லியிருக்கலாம். பத்தாவது வருடத்தில் சொன்னால், ஒன்பது வருடம் ஏன் சொல்லவில்லை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். இப்படியே தள்ளிப்போய்விட்டது.

இனி ஓவியம்.

நான் ஒரு பம்ப்செட் கம்பெனியின் டிராயிங் ஆபீஸில் இருபத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். பம்பைக் குறுக்கே வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்று வரைவது என் தொழில். ஒரு மனிதனைக் குறுக்கே வெட்டாமல் வரையச் சொன்னால் எனக்குக் கை ஓடாது. ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், "மனசுக்குப் பிடிச்ச மாதிரி ஏதாச்சும் பழகுங்க" என்றார். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடியில் ஞாயிற்றுக்கிழமை வாட்டர்கலர் வகுப்பு நடக்கிறது என்று தெரிந்து போய்ச் சேர்ந்தேன். டீச்சருக்கு என் வயதில் பாதி. பொறுமையில் என்னைப்போல் நாலு மடங்கு.

வாட்டர்கலரின் முதல் சங்கடம், அதில் வெள்ளை கிடையாது. வெள்ளை வேண்டிய இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். வேட்டி, சோறு, நரைத்த தலை எல்லாமே வரையாமல் விட்ட இடங்கள்தான். என் படங்களில் டீச்சர் மனதாரப் பாராட்டியவையும் அந்த இடங்கள்தான். "வேட்டி பிரமாதமுங்க சார்" என்பார். வேட்டிக்கு மேலே இருக்கும் ஆளைப் பற்றிப் பேச மாட்டார். ஒருமுறை மட்டும் பொறுக்கமுடியாமல், "சார், இந்த மாமாவுக்குக் காது வெச்சிருக்கறது நாலு போல்ட் போட்டு முடுக்கின மாதிரி இருக்குதுங்க" என்றார்.

கோடையில் இரண்டு மாதம் வகுப்புக்கு விடுமுறை. அதற்கு வீட்டுப்பாடமாக, மனிதர்கள் இருக்கிற ஒரு படத்தை அப்படியே நகலெடுக்கச் சொன்னார். போனில் பத்துப் பன்னிரண்டு படங்கள் அனுப்பினார். அதில் ஒன்று கல்யாணப் பந்தி. பந்தலுக்குக் கீழே ஏழு பேர் நம்மைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், இரண்டு பேர் பரிமாறுகிறார்கள். போட்டோவோ என்று சந்தேகம் வருகிற அளவு அச்சாக வரைந்த படம். மூலையில் ஓவியரின் கையெழுத்து, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் படிக்க முடியாத கையெழுத்து. ஒருவர் அப்பளத்தை நொறுக்கும் தருணம், ஒரு அம்மாள் பாயசத்துக்காக இலையில் அணைகட்டும் தருணம், எல்லாம் அதில் இருந்தது.

ஜூன் மாதம் எங்களுக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள். விருந்துப் பிரியைக்கு விருந்துப் படம். சாப்பாட்டு மேஜைக்கு மேலே சுவரும் காலியாக இருந்தது. என் திட்டம் மொத்தமும் இவ்வளவுதான். பழைய தவறு, பரிகாரம் என்று ஏதாவது மனதின் அடியில் கிடந்ததா என்று பிற்பாடு துருவிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

ஒன்பது பேரைக் கையால் பார்த்து வரைவது என்னால் ஆகாது என்பதால் தொழில் மூளையைப் பயன்படுத்தினேன். படத்தை ஒரு கடையில் கொடுத்து டிராயிங் ஃபிலிமில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்தேன். கண்ணாடி மாதிரி வெளிச்சம் ஊடுருவும் தாள் அது. காலை வெயில் நேராக அடிக்கும் கிழக்கு ஜன்னலில் அதை ஒட்டி, மேலே வரைதாளை வைத்துப் பென்சிலால் கோடுகளை எடுத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் நாங்கள் பம்ப்களை நகலெடுத்த அதே வழி.

அந்த ஃபிலிமுக்கு ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு. சொரசொரப்பான பக்கம்தான் வரைகிறவனைப் பார்த்திருக்க வேண்டும் என்பது நான் வேலைக்குச் சேர்ந்த முதல்நாள் கற்ற பாடம். விரலால் தடவிப் பார்த்து, சரியாக அப்படியே ஒட்டினேன். பிரிண்ட் போட்டவர் டிராயிங் ஆபீஸில் வேலை பார்த்தவர் அல்ல. அவர் வழவழப்பான பக்கத்தில் அச்சடித்திருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தது படத்தின் முதுகை.

வண்ணம் தீட்டி முடிக்கும்வரை ஃபிலிம் ஜன்னலிலேயே இருந்தது. அதைப் பார்த்தே தீட்டினேன். ஆகவே நகலும் ஃபிலிமும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயின. கைகளைக் கவனிக்கவில்லையா என்று கேட்கலாம். டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார்: "கைன்னு பாக்காதீங்க சார். கைன்னு பாத்தா உங்க மனசுல இருக்கற கையை வரைஞ்சுருவீங்க. வெறும் ஷேப்பாப் பாருங்க." வாழ்க்கையில் ஒரு ஆசிரியர் சொன்னதை நான் முழுசாகக் கேட்டது இந்த ஒருமுறைதான். ஏழு வாரம் நான் கை எதையும் பார்க்கவில்லை. காவி நிறத்தில் சில வளைவுகளைப் பார்த்தேன்.

வரைந்த அறைக்குள் மனைவி வரக்கூடாது என்று தடை. கதவுக்கு வெளியே நின்று, "ஏனுங்க, உள்ள உசுரோட இருக்கறீங்களா? காபி வெச்சிருக்கறேன்" என்பாள். ஒருநாள் அந்தக் காபியில் பிரஷ்ஷை முக்கிவிட்டேன். பந்தலின் வலது மூலையில் நிழல் கொஞ்சம் செழிப்பாக இருக்கும். அது ஃபில்டர் காபி.

கல்யாண நாள் காலை, ஃபிரேம் போட்ட படத்தைச் சாப்பாட்டு மேஜைமேல் சாய்த்துவைத்து, மூடியிருந்த துண்டை எடுத்தேன். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். பார்த்தாள். குனிந்து பார்த்தாள். விரலால் காற்றில் ஒவ்வொருவராக எண்ணுகிறமாதிரி நகர்ந்தாள். காதுகளைப் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எல்லாருமே என்னையாட்டச் சாப்பிடறாங்களே" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். ஏழு வாரத்தில் முதன்முறையாகக் கையைக் கையாகப் பார்த்தேன். அப்பளத்தை நொறுக்குவது இடது கை. பாயசத்துக்கு அணைகட்டுவது இடது கை. ஏழு பேர், ஏழு இடது கைகள். ஒரு ஊரே அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"வேணும்னேதானுங்க செஞ்சீங்க?" என்று கேட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

'ஐயையோ, ஃபிலிம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"பின்னே?"

ஒரே ஒரு சொல். பொய் என்றுகூடச் சொல்லமுடியாது, கேள்விக்குறி இருக்கிறது. அவள் படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு, "சரீங்க" என்றாள். சுவரிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி வேறு அறைக்கு மாற்றிவிட்டு, அந்த ஆணியில் படத்தை மாட்டச் சொன்னாள்.

அதன்பிறகு நடந்ததுதான் அந்தப் பதினோரு நாள். சாயங்காலக் காபி இரண்டானது. ஞாயிற்றுக்கிழமை கேட்காமலேயே ஒப்புட்டு வந்தது, நெய்யோடு. படத்தைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மாவிடம், "இவரு எனக்காகவேண்டி வேணும்னே மாத்தி வரைஞ்சாருங்க" என்று என்னை வைத்துக்கொண்டே சொன்னாள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று அந்த அம்மாள் நினைத்திருக்கக்கூடும். ஒவ்வொரு காபியின்போதும் இன்று சொல்லிவிடலாம் என்று தோன்றும். காபி முடிந்ததும், ஆறின பிறகு சொல்லி என்ன பயன் என்று தோன்றும். பயந்தது காபிக்காக மட்டும் அல்ல. உண்மையைச் சொன்னால், இருபத்தைந்து வருடத்தில் ஒருதடவைகூட இவனாக ஒரு பரிகாரம் செய்ய நினைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துபோகும். அதுதான் உறுத்தியது.

நடுவில் டீச்சருக்குப் படத்தைப் போனில் அனுப்பி, ஃபிலிம் வைத்து நகலெடுத்ததையும் எழுதியிருந்தேன். பதில் குரல்செய்தியாக வந்தது. ஹாலில் உட்கார்ந்தபடி, யோசிக்காமல் அழுத்திவிட்டேன். "சார், சூப்பருங்க! ஆனா படம் ரிவர்ஸா இருக்குதே, ஃபிலிமைத் திருப்பி ஒட்டி..." அதற்குமேல் கேட்காதபடி, காசநோய் முற்றியவன்போல இருமினேன். சமையலறையிலிருந்து, "தண்ணி வேணுங்களா?" என்று மட்டும் குரல் வந்தது.

பதினோராம் நாள் ஈரோட்டில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். காரில் போனோம். முகூர்த்தம் முடிந்து பந்தி. இப்போது மேஜை போட்டுத்தான் பரிமாறுகிறார்கள், ஆனால் ஆட்கள் மாறவில்லை. எனக்கு அந்தப் பக்கம் பெரியம்மா, எண்பதைத் தாண்டியும் பார்வையில் கூர்மை குறையாதவர். இந்தப் பக்கம் என் மனைவி. ஒப்புட்டு விழுந்தது. அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு, இடது கையை நீட்டி அதைப் பிய்த்தாள்.

படத்தை நம்பித்தான் இந்தத் துணிச்சல். ஆதாரமே இல்லாத ஒரு படத்தை நம்பி.

பெரியம்மா என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார். "ஏங்கண்ணு, சோத்துக்கையில காயமா?"

"இல்லீங்க பெரியம்மா" என்றாள் அவள், வாயில் ஒப்புட்டோடு. "எனக்கு இதுதானுங்க சோத்துக்கை."

பெரியம்மா அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அதே பார்வை. இருபத்தைந்து வருடத்தில் ஒரு கண்ணாடி மட்டும் கூடியிருந்தது. "ஏனப்பா, ஒண்ணுஞ் சொல்ல மாட்டயா?"

பதில் சொல்லும் திறமை எனக்கு எப்போதும் மறுநாள்தான் வரும். அதனால் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையைச் சோற்றில் வைத்தேன். வீரம் என்று வைத்துக்கொள்ளலாம். சாம்பார் சோறு எப்படியோ வாய்வரை வந்தது, மூக்கைத் தொட்டுவிட்டு. விரல்கள் ஐந்தும் ஐந்து ஊர்க்காரர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் போயின. ரசம் வந்தது. கை குழித்து அள்ளினேன். வாய்க்கு வந்தபோது கையில் ஒரு கறிவேப்பிலை இருந்தது. மீதி மொத்தமும் வெள்ளைச் சட்டையில்.

இதைத்தான் அவள் இருபத்தைந்து வருடமாக, பட்டுப்புடவையில் ஒரு சொட்டு விழாமல், ரசத்துக்கு முன்பே இலையை மூடிச் சமாளித்திருக்கிறாள். எனக்கு அது ரசம் நெஞ்சில் இறங்கியபோதுதான் புரிந்தது. சூடான ரசம்.

"உங்க ஊட்டுல அல்லாருக்கும் கிறுக்குப் புடிச்சுப்போச்சா?" என்றார் பெரியம்மா. பிறகு பரிமாறுகிற ஆளைக் கூப்பிட்டு, "இந்தத் தம்பிக்கு ஒரு ஸ்பூன் குடுப்பா" என்றார்.

என் மனைவி அன்று ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். மோருக்கும் இருந்தாள். இலையைக் கடைசியாக மூடியது அவள்தான்.

திரும்பி வரும்போது பெருந்துறை தாண்டும்வரை அவள் ரசத்தில் மிளகு சரியாக விழுந்திருந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். அவிநாசி வந்துவிட்டால் வீடு வந்த மாதிரி, அப்புறம் சொல்ல வாய்க்காது. காரை ஓரமாக நிறுத்தினேன்.

"அம்மணி, அந்தப் படம் நான் வேணும்னு செஞ்சதில்லை. ஃபிலிமைத் திருப்பி ஒட்டிட்டேன். எல்லாமே தப்பா விழுந்துருச்சு."

"தெரியுமுங்க" என்றாள்.

"டீச்சர் பேசினதைக் கேட்டுட்டயா?"

"அதுக்கு முந்தியேங்க. கல்யாண நாளன்னைக்கே. ஆம்பளைங்க அத்தனை பேருக்கும் சட்டைப் பாக்கெட்டு வலப்பக்கம் இருக்குது. இலை நுனியெல்லாம் பக்கம் மாறிக் கெடக்குது. கையை மட்டும் மாத்தியிருந்தீங்கன்னா நம்பியிருப்பேன்."

"அப்புறம் எதுக்கு 'வேணும்னேதானா'ன்னு கேட்டே?"

"என்ன சொல்றீங்கன்னு பாக்கலாம்னுதான். 'பின்னே'ன்னீங்க." கொஞ்சம் சிரித்தாள். "எத்தனை நாளைக்குத் தாங்கறீங்கன்னு பாத்தேன். நான் ஒரு வாரம்னு நெனச்சேனுங்க. நாலு நாள் சேத்தித் தாங்கிட்டீங்க."

லாரி ஒன்று காரை உலுக்கிக்கொண்டு போனது. "அப்போ இன்னைக்கு இடது கையில சாப்பிட்டது? படத்தைப் பாத்துத்தானே?" என்றேன். அதையாவது மீட்டுக்கொள்ளலாம் என்று ஒரு ஆசை.

"ரசம் வாசனை உள்ள வரும்போதே மூக்கைத் துளைச்சுதுங்க. அதைப் போயி சிந்த முடியுமா?" என்றாள். பிறகு என் சட்டையில் காய்ந்து ஒட்டியிருந்த ஒரு சோற்றுப் பருக்கையை நகத்தால் சுரண்டி எடுத்தாள். இடது கை நகத்தால். "ஆனா பெரியம்மா முன்னாடி அந்தக் கையை இலையில வெச்சீங்க பாருங்க. அது வேணும்னுதானே?"

"அது வேணும்னுதான்."

"சரீங்க" என்றாள். அன்று படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்ன அதே 'சரீங்க' மாதிரி இல்லை இது.

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வண்டியைக் கிளப்பினேன். "படத்தை வேணும்னா இறக்கிரலாம். சரியா இன்னொண்ணு வரைஞ்சு தர்றேன். இந்தத் தடவை கையை மட்டும் மாத்தி, பாக்கெட்டெல்லாம் ஒழுங்கா, வேணும்னே வரையறேன்" என்றேன்.

"அதெல்லாம் இருக்கட்டுமுங்க" என்றாள், சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டே. "வேணும்னே வரையற அளவுக்கு உங்களுக்கு இன்னும் கை வரலீங்க."